அக்கரையா, அக்காவா

ஆக. 1, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு குருகிராம் பக்கம் போய்விட்டது. எங்கள் துவாரகாவுக்கு எப்போதும் தூறல்தான்.

இன்றைய வேலை:
– மூன்று எஃப்.எம். நிலையங்களுக்கும் மறுபடி மெயில். ஒன்பதாவது தடவை.
– வில்சன் சாரிடம் 'அக்கரை' பாட்டின் கடைசி மிக்ஸ் எப்போது என்று கேட்க.
– தண்ணீர் ஃபில்டர்காரன். மூன்று நாளாக 'ஆ ரஹா ஹூன்', இதோ வருகிறேன் என்கிறான்.
– ராக்கி வாங்க. போன வருஷத்தது சாயம் போய் முரளியின் மணிக்கட்டு ஒரு வாரம் சிவப்பு.

முதல் நிலையம்: பாட்டு லிஸ்ட் மும்பையிலிருந்து வருகிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை. இரண்டாவது நிலையத்தில் ஒருவன் "என்ன படம்?" என்றான். படம் இல்லை, தனிப் பாட்டு என்றேன். "படம் இல்லாமல் பாட்டு எப்படி வந்தது?" தாலி கட்டாமல் பிள்ளை பிறந்துவிட்டது போல ஒரு குரல். மூன்றாவதில் பாட்டுத் தேர்வு செய்வது நிதி என்ற பெண். போனை எடுக்கவே இல்லை.

ஐந்து வருஷமாக இதுதான் என் உத்தியோகம். சினிமாவில் பாடாமல் சொந்தமாகப் பாட்டுப் போடுகிற ஆறு பேரை எப்படியாவது ரேடியோவில் ஒலிக்க வைப்பது. அதில் ஐந்து பேர் ஊரார் பிள்ளைகள். ஆறாவது என் தம்பி முரளி. மற்ற ஐவரில் இரண்டு பேரை ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போட்டிருக்கிறார்கள். ஊரே தூங்குகிற நேரம். மு.வை ஒரே ஒரு கல்லூரி ரேடியோ ஒரே ஒரு தடவை போட்டது. அதைக் கேட்க வேண்டுமானால் அந்தக் கல்லூரி கேண்டீனில் போய் நிற்க வேண்டும். நின்றேன்.

மாலை மு. டியூட்டி முடிந்து வந்தான். ஏர்போர்ட் கார்கோவில் வேலை. ஒரு படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். திருச்சிக்கு மாற்றல் வேண்டுமா, வேண்டாமா என்று எழுதித் தர வேண்டுமாம். 12-ம் தேதி கடைசி.

"இப்பவா போவே? ரேடியோ இப்பதான் கதவைத் திறக்கப் போறான்."

"அச்சா," என்றான். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எந்தக் கதவு திறக்கப் போகிறது? எனக்கே தெரியாது. ஆனால் சொல்லாவிட்டால் கிளம்பிவிடுவான். திருச்சியில் போய் யார் இவனுக்கு ட்யூன் போடுவார்கள்?

ஆக. 3, ஞாயிறு

மழை, ஒரு வழியாக. பாலத்தடியில் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரன் பாதி வழியில் 'ஆகே நஹீ ஜாயேகா', இதற்கு மேல் போகாது என்று இறக்கிவிட்டான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெட்ரோ.

ஆர்.கே.புரம், வில்சன் சார் வீடு. சார் பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார், நாகர்கோவில்காரர், மு.வின் எல்லாப் பாட்டுக்கும் ட்யூன் அவர்தான். 'அக்கரை' முடிந்துவிட்டது. வரிகள் அடியேன்.

*அக்கரை நிலவே, அக்கரை நிலவே
ஓடம் இல்லாமல் நான் வருவேனோ*

எழுதி முடிக்க நாலு மாதம். 'நிலவே' வேண்டாம் என்று யாராவது சொன்னால் கடித்துவிடுவேன்.

சாருக்கு ஏனோ திருப்தி இல்லை. "பய குரல்ல ஒண்ணு உண்டு மக்கா. டம்மியில இருந்துச்சு. டேக்ல வரமாட்டேங்கு."

டம்மி என்பது எங்கள் வழக்கம். சார் ட்யூன் போட்டதும் மு.வை உட்கார வைத்து, வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டுப் பாடச் சொல்வார். ட்யூன் மறக்காமல் இருக்க மட்டும். அப்புறம் நான் வரி எழுதி, மறுபடி பாடிப் பதிவு. டம்மிக்கு யாரும் அர்த்தம் பார்ப்பதில்லை. சாரே பாடினால் எல்லா டம்மியும் 'இட்லி வடை சாம்பார் சட்னி'யில்தான் தொடங்கும். அதைக் கேட்டு உருகினவர்களும் உண்டு.

"டம்மியா சார் முக்கியம்? வரியைக் கேளுங்க," என்றேன்.

நிதிக்கு மெயில் போட்டால் ஃபைல் பெரிது என்று திரும்பி வந்துவிட்டது. சரி என்று மொத்த ஃபோல்டரின் லிங்கையும் அனுப்பிவிட்டேன். அக்-1இலிருந்து அக்-7 வரை, 'அக்கரை'யின் எல்லாப் பதிவும் அதில். எழுதி வைத்தேன்: 'கடைசியில் இருப்பதைக் கேளுங்கள்.'

வருகிற வழியில் ராக்கி வாங்கினேன். பச்சை நூல், ஒற்றை மணி. இது சாயம் போகாது என்று கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

ஆக. 5, செவ்வாய்

நிதி போன் செய்தாள்!!

காய்கறி வண்டியில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பிசுபிசு. "சுமதி ஜி, வோ அக்கா-வாலா கானா! மே தோ ரோ படீ!" அந்த அக்கா பாட்டைக் கேட்டு அழுதே விட்டாளாம். பெங்களூரில் இரண்டு வருஷம் இருந்தவள், அக்கா என்றால் தீதி என்று தெரியும். ராக்கி அன்று அண்ணன் தங்கை, அக்கா தம்பி பாட்டாகவே காலையில் ஒரு மணி நேரம் போடுகிறார்கள். எல்லா மொழியும். தமிழுக்கு மு.வின் பாட்டு. சனிக்கிழமை, எட்டே முக்காலுக்கு.

எட்டே முக்கால்! ஊரே காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற நேரம்.

வெண்டைக்காயை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் பாட்டில் அக்காவே இல்லையே. யோசித்தால் சிரிப்பு. அக்கரை! 'அக்கரை நிலவே'யில் பாதியைக் கேட்டுவிட்டு அக்கா என்று உருகியிருக்கிறாள். ஆற்றின் அந்தப் பக்கத்து நிலாவை இவள் தீதி ஆக்கிவிட்டாள்.

சொல்ல வேண்டாமா? வேண்டும். சொன்னால் போடுவாளா? மாட்டாள். ஐந்து வருஷம். ஒன்பது மெயில். என் வரியைக் கொலை செய்தாலும் பரவாயில்லை, பிணமாவது ரேடியோவில் வரட்டும்.

மு.விடம் சொன்னேன். "அக்கரைதான் அக்காவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். இவன் இப்படிச் சிரித்து எத்தனை நாள். பாட்டு வரப்போகிற சந்தோஷம்தான். வேறென்ன.

அம்மாவுக்கு மட்டும் மூஞ்சி சரியில்லை. "அவன் திருச்சி பத்தி என்னமோ சொன்னானே, அது என்னட்டி ஆச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

ஆக. 6, புதன்

கன்னாட் பிளேஸ் பக்கம், ரேடியோ நிலையம். கீழே கார்டு, ரெஜிஸ்டர், 'மேடம், கிஸ்ஸே மில்னா ஹை', யாரைப் பார்க்கணும். போன வருஷம் இதே கார்டு என்னை இரண்டு மணி நேரம் நிற்க வைத்தான். இன்று லிஃப்ட் பட்டனை அவனே அழுத்தினான்.

நிதி மீட்டிங்கில். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினாள், நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். சின்னப் பெண். காது நிறையத் தோடு. ஒரு உறுதிமொழிப் படிவம் தந்தார்கள். பாட்டு எங்களுடையது, ஆட்சேபகரமாக எதுவும் இல்லை, கையெழுத்து. கீழே ஒரு கட்டம்: பாட்டின் பொருள், ஒரு வரியில்.

எழுதினேன்: 'அக்கா மீது தம்பிக்கு இருக்கும் பாசம்.'

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் ஒன்றுதானே சொன்னேன்.

திரும்பும்போது ராஜீவ் சௌக்கில் நசுங்கல். பெண்கள் பெட்டியில் ஒருத்தி போனில்: "மம்மி, மே தக் கயீ ஹூன், பஸ்." அம்மா, நான் களைத்துப் போய்விட்டேன், போதும். இரண்டு ஸ்டேஷன் அதையே சொன்னாள். அப்புறம் பை பை என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். எந்த மம்மி கேட்கிறாள்.

ஆக. 8, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

மு. காலையிலேயே போன்: "அக்கா, ஃபார்ம் குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"வேணாம்னுதான்."

வயிற்றில் பால் வார்த்தான். உடனே கேசரி கிளறினேன். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளுக்கு ஒரு கரண்டி மட்டும். வாயில் போடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெசேஜ் அனுப்பியது: ஆர்.கே.புரம் பழைய அண்டை வீட்டார் 14 பேர். துவாரகா தமிழ்க் குடும்பங்கள் குழு. கோல் மார்க்கெட் ராமநாதன் மாமா. மு.வின் பள்ளி நண்பர்கள். மற்ற ஐந்து கலைஞர்கள் (நாலு பேர் வாழ்த்து, ஒருத்தி கட்டைவிரல் மட்டும்). எதிர் வீட்டு சோப்ரா ஆன்ட்டியை நேரில் கூப்பிட்டேன்.

சட்டை இஸ்திரி போட வேண்டும். ரேடியோவில் சட்டை தெரியாது என்று மு. சொன்னான். போட்டால் என்ன?

ஆக. 9, சனி, ராக்கி

காலை 9.20. எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

மு. ஐந்து மணிக்கே ஷிஃப்டுக்குப் போய்விட்டான். சமையலறை ரேடியோவைக் கூடத்துக்குக் கொண்டு வந்தேன். அம்மா நாற்காலியில். சோப்ரா ஆன்ட்டி லட்டுத் தட்டோடு சோபாவில். எட்டு நாற்பத்தேழுக்கு அறிவிப்பாளன், மூச்சுவிடாமல் பேசுகிறவன், திடீரென்று குரலைத் தாழ்த்தி, "அக்கா. தமிழில் தீதி. இந்தத் தம்பி தன் அக்காவிடம் என்ன சொல்கிறான், கேளுங்கள்."

மு.வின் குரல்.

என் முதல் வரி இல்லை. வேறு ஃபைல் என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. கடைசி மிக்ஸில் இருந்த வீணை இல்லை. வில்சன் சாரின் கீபோர்டு மட்டும், பின்னால் அவர் வீட்டு ஃபேன் சத்தம். டம்மி. அக்-1. அட முட்டாளே, லிஸ்டில் கடைசியில் இருப்பதைக் கேள் என்றால் தலைகீழாக அடுக்கி அக்-1ஐக் கேட்டிருக்கிறாள்! வாயில் கை வைத்தேன். அவ்வளவுதான் அதிர்ச்சி என்று நினைத்தேன்.

அப்புறம் வார்த்தை காதில் விழுந்தது.

*போதும் அக்கா, போதும் அக்கா
தொண்டை எரியுது, தூக்கம் வருது
விட்டுடு அக்கா*

சோப்ரா ஆன்ட்டி தலையை ஆட்டுகிறாள். "அக்கா, அக்கா," கூடவே பாடுகிறாள்.

*திருச்சிக்குப் போக இடம் வந்துச்சு
வேணாம்னு நானே எழுதித் தந்தேன்
உன்கிட்ட சொல்ல வாயே வரல*

*உனக்காகப் பாடி, உனக்காகப் பாடி
என் குரலே எனக்குப் பிடிக்கல அக்கா
விட்டுடு அக்கா*

பின்னே ஒரு நிமிஷம் ஹம்மிங். அப்புறம் விளம்பரம், மெத்தைக் கடை.

"கித்னா ப்யார் ஹை பாயி-பெஹன் மே!" ஆன்ட்டிக்குக் கண்ணில் தண்ணீர். எவ்வளவு பாசம், எவ்வளவு பாசம் என்று என் கன்னத்தைப் பிடித்து லட்டை வாயில் திணித்தாள். மென்றேன்.

ஆன்ட்டி போன பிறகு அம்மா ரேடியோவை அணைத்தாள். "ஏட்டி, இது என்னட்டி பாட்டு? புள்ள அழுதாம்லா."

"டம்மிம்மா. சும்மா. வாய்க்கு வந்தது."

"வாய்க்கு எங்கேருந்துட்டி வரும்?"

போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வாழ்த்துகள். எல்லாம் இந்தியில்.

அதே நாள், மாலை

மூன்றரைக்கு வந்தான். ஷூவைக் கழற்றினான். எப்போதும்போல. நானே ஆரம்பித்தேன்.

"கேட்டியா?"

"கார்கோ வேன்ல போட்டாங்க. ட்ரைவர் சத்தம் வேற கூட்டினான். எல்லாரும் கை தட்டினாங்க."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"வில்சன் சார் வாய்க்கு வந்ததைப் பாடுன்னாரு. வந்துச்சு." சாக்ஸை மடித்தான். "அதை அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். டம்மியை யாரு வெச்சிருப்பாங்க?"

"போன வருஷமும் திருச்சி வந்துச்சா?"

"ம்."

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"நீ கேக்கவே இல்ல. உன் முன்னாடி மியூசிக் ஃபெஸ்டிவல் லிஸ்ட் இருந்துச்சு. நான் சும்மா இருந்துட்டேன்."

உட்கார்ந்துவிட்டேன். அவன் கையை நீட்டினான். "கட்டு."

எங்கள் வீட்டில் ராக்கி வழக்கம் கிடையாது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எல்லாப் பையன் கையிலும் நூல், தன் கை மட்டும் மொட்டை என்று ஐந்து வயதில் அழுதான். அப்போது எனக்குப் பதினைந்து. அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாகக் கட்டுகிறேன். இன்று முடிச்சு விழவில்லை. மூன்று தடவை அவிழ்ந்தது. கடைசியில் அம்மா வந்து கட்டினாள். அக்கா கட்ட வேண்டியதை அம்மா கட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஃபார்ம் நேற்றே கொடுத்துவிட்டான். வேண்டாம் என்று. நான் சொல்லி.

ஆக. 10, ஞாயிறு

மழை. சமையல் இல்லை, பிரெட்.

வாட்ஸாப்பில் பின்னோக்கிப் போய்த் தேடினேன். டம்மி எனக்கு வந்தது போன நவம்பரில். வில்சன் சார் அனுப்பியிருக்கிறார். நான் கேட்டிருக்கிறேன், மெட்ரோவில். பதிலும் போட்டிருக்கிறேன்:

'ட்யூன் ஓகே. ரெண்டாவது சரணத்தில் மேல் ஸ்வரம் எட்டவில்லை. திரும்பப் பாடச் சொல்லுங்க.'

இரண்டாவது சரணம், மேல் ஸ்வரம். எந்த இடம் என்று பாட்டைப் போட்டுப் பார்த்தேன். 'என் குரலே எனக்குப் பிடிக்கல.' அந்த இடம்தான்.

திரும்பப் பாடியிருக்கிறான். அக்-2. அக்-3.

இந்திக்காரர்களுக்குத் தமிழ் புரியாது என்று எத்தனை நாள் கேலி செய்திருப்பேன். எனக்குப் புரியும், நான் கேட்டேன், சுருதி மட்டும்தான் காதில் விழுந்தது. சீ.

வில்சன் சாருக்கு போன். நேற்று சர்ச்சில் யாருக்கோ கல்யாணம், அங்கே போனதால் கேட்கவில்லையாம். வரிகளைப் படித்துக் காட்டினேன். "மாதாவே. எனக்க வீட்ல உக்காந்துதான பாடுனான். நான் தாளம் போட்டுட்டு இருந்தேன் மக்கா. நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னேன்."

துவாரகா தமிழ்க் குழுவில் யாரோ பாட்டைப் பதிவு செய்து போட்டிருக்கிறார்கள். கீழே:
– 'சூப்பர் குரல்'
– 'இது ராக்கி பாட்டா? அந்தப் பையனை யாராவது காப்பாத்துங்கப்பா'
– 'அவன் அக்கா ராட்சசியா இருப்பா போல' (சிரிக்கிற பொம்மை மூன்று)
பிறகு ஒருவர்: 'அட்மின், இதை நீக்கவும். அவங்க இந்தக் குழுவில் இருக்காங்க.'
பிறகு யாரும் ஒன்றும் எழுதவில்லை.

பதினோரு மணிக்கு கோல் மார்க்கெட் ராமநாதன் மாமா போனில். ரிட்டயர்டு செக்‌ஷன் ஆபீசர், அப்பாவோடு வேலை பார்த்தவர், மு. சின்ன வயதில் தமிழ்ச் சங்க மேடையில் பாடியதற்குப் பரிசு தந்தவர். "பாட்டு கேட்டேம்மா. நல்ல குரல். யாரு எழுதினது?"

"அவனேதான் மாமா."

"ஓ. அவனுக்கு அக்கா நீ ஒருத்திதானே?"

"ஆமா மாமா."

"சரிம்மா. வெச்சுடறேன்."

திட்டியிருக்கலாம்.

ஆக. 11, திங்கள்

நிதி. மூச்சு வாங்கப் பேசினாள். நிலையத்தில் இப்படி ஒரு தமிழ்ப் பாட்டுக்கு போன் வந்ததே இல்லையாம். தினம் மூன்று தடவை, மாதம் முழுக்கப் போடப் போகிறார்கள். சனிக்கிழமை மு. ஸ்டூடியோவுக்கு வர வேண்டும், நேரடியாகப் பாட வேண்டும். அந்த ஃபேன் சத்தம்தான் அழகு, எங்கே கற்றீர்கள் என்றாள்.

ஐந்து வருஷமாக இந்த போனுக்காகத்தான் காத்திருந்தேன். நான் என்ன செய்தேன்? "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

சாயங்காலம் மு.விடம். அவன் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான்.

"பாட்டை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? ஓடட்டும். அது ஒண்ணுதான் நான் நெஜமா பாடினது." சட்டையை உதறினான். "அவங்களுக்குப் புரியாது அக்கா. உனக்குப் புரிஞ்சா போதும்னு... மத்லப், அதாவது, புரியணும்னு கூட நெனைக்கல."

"திருச்சியில என்னடா இருக்கு?"

முதல் தடவையாகக் கேட்கிறேன். ஒரு பெண் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது லோட் ஷீட். அவன் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தான்! விமானத்தில் எந்தப் பெட்டி எங்கே, முன்னால் எவ்வளவு பாரம், பின்னால் எவ்வளவு என்று ஒருத்தர் கணக்குப் போட வேண்டுமாம். இங்கே அந்த வேலைக்கு இருபது பேர் வரிசையில். திருச்சியில் இவனிடமே தருவார்களாம். "தப்பா வெச்சா மூக்கு தூக்காது, தெரியுமா? சரியா வெச்சா யாருக்கும் ஒண்ணுமே தெரியாது. அது எனக்குப் பிடிச்சிருக்கு." கையாலேயே விமானத்தைச் சாய்த்துக் காட்டினான்.

முப்பத்தோரு வயது. இவனுக்கு என்ன பிடிக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. மேடையில் ஒருநாளும் இப்படிக் கையை ஆட்டினதில்லை. கையை ஆட்டிப் பாடு, ஆட்டிப் பாடு என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்.

"ஃபார்மை மாத்த முடியுமா?"

"நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் லெட்டர் குடுக்கலாம்னு சொன்னாங்க. ஒத்துக்குவாங்களா தெரியல."

"நான் வரேன். நான் பேசறேன் அவங்ககிட்ட. யாரு ஹெச்.ஆர்.? பேரு சொல்லு, நான்..."

அவன் என்னையே பார்த்தான். நிறுத்திக்கொண்டேன்.

"நீ வராதே அக்கா. நானே பண்றேன்."

ஆக. 12, செவ்வாய்

வெயிலும் மழையும் மாறி மாறி. ஃபில்டர்காரன் வந்தான், ஒரு வழியாக. வால்வு போய்விட்டதாம்.

காலையிலிருந்து மு.வுக்கு போன் செய்யவில்லை. பத்து மணிக்கு எடுத்து வைத்துவிட்டேன். பன்னிரண்டுக்கு நம்பர் போட்டு அழித்தேன். மூன்றரைக்கு மெசேஜ் அடித்து அழித்தேன். 'லெட்டர் எழுதினியா? காரணம் என்ன எழுதின? நகல் வெச்சுக்க.' அனுப்பவில்லை. ஐந்து அடித்ததும் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா, "உக்காருட்டி, கால் வலிக்கப் போவுது" என்றாள்.

ஏழு மணிக்கு வந்தான். குளித்தான். தோசைக் கல்லைப் போட்டேன். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது. அம்மாதான் கேட்டாள்.

"குடுத்தியாலே?"

"குடுத்துட்டேம்மா. வாங்கிக்கிட்டாங்க. கிடைக்குமான்னு தெரியல. மாசக் கடைசியில தெரியும்."

கிடைக்காமலே போகலாம். போனால் அது என்னால். அதை யாரும் சொல்லவில்லை, இரண்டு பேருமே.

அவன் இரண்டாவது தோசையில் இருக்கும்போது நிதியின் போன். சனிக்கிழமை ஸ்டூடியோ, பதினோரு மணி, உறுதியா? முரளி ஜி வேறு என்னென்ன பாட்டு பாடுவார்? அடுத்த பாட்டு எப்போது? ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் அவள் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். மு. தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மென்றுகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"வோ நஹீ காதா," என்றேன்.

அந்தப் பக்கம் புரியவில்லை. "ஜீ?"

"அவன் பாடறதில்லை நிதி ஜி. நிறுத்திட்டான். அந்தப் பாட்டு ஒண்ணுதான்." இந்தியில் சொன்னேன். ஐந்து வருஷமாக எல்லா மொழியிலும், எல்லாக் கார்டிடமும், எல்லா ரிசப்ஷனிலும் 'மேரா பாயி காதா ஹை', என் தம்பி பாடுவான் என்று சொன்ன வாய். எதற்கு, ஏன், அதெப்படி என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கல்லில் தோசை கருகிவிட்டது.

"அக்கா, அதையே போடு, பரவாயில்ல," என்றான் மு.